பருவந்தோறும் மாறும் இடியும் மின்னலும்: உழவர்கள் அறிய வேண்டியவை

வானம் பார்த்து வாழ்பவர் உழவர். மேகம் திரண்டு, மின்னல் வெட்டி, இடி முழங்கினால் அவர் மனம் குளிர்கிறது. காய்ந்த நிலத்துக்கு மழை வரப்போகிறது என்பதே அந்த முழக்கத்தின் பொருள். ஆனால் அதே இடியும் மின்னலும் ஆண்டுதோறும் நம் நாட்டில் பல குடும்பங்களை நிர்க்கதியாக்கி விடுகின்றன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, மின்னல் தாக்கி இந்தியாவில் 2020ஆம் ஆண்டில் 2,862 பேரும், 2021இல் 2,880 பேரும், 2022இல் 2,887 பேரும் உயிரிழந்துள்ளனர். இவர்களில் பெரும்பாலோர் கிராமப்புற மக்கள்; வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள், ஆடு மாடு மேய்த்தவர்கள், மழைக்கு மரத்தடியில் ஒதுங்கியவர்கள்.

மின்னலை நம்மால் தடுக்க இயலாது. ஆனால் அது எந்த மாதத்தில், எந்த நேரத்தில், எந்தத் திசையிலிருந்து வரக்கூடும் என்பதைப் பெருமளவு முன்னரே உணர முடியும். ஏனெனில், கோடை இடியும் ஐப்பசி இடியும் ஒன்றல்ல. ஒவ்வொரு பருவத்திலும் இடிமேகம் வேறு விதமாக உருவாகிறது. வேறு நேரத்தில் வருகிறது. இதைப் புரிந்துகொண்டு வயல் வேலையைத் திட்டமிட்டால் பல உயிர்களைக் காக்கலாம். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மின்னல் எவ்வாறு உண்டாகிறது?

எல்லா மேகங்களும் இடிப்பதில்லை. மின்னலை உண்டாக்குவது கார்திரள் மேகம் என்னும் ஒரு வகை மேகமே ஆகும். அடியில் கரிய நிறத்துடனும், பக்கங்களில் காலிஃபிளவர் பூவைப் போன்ற புடைப்புகளுடனும், உச்சியில் பட்டடைக்கல் போல விரிந்தும் இது காணப்படும். நம் பகுதியில் இம்மேகம் 15 கிலோமீட்டர் உயரம் வரைகூட வளரும்.

தமிழகத்தில் தரையில் எவ்வளவு வெயில் அடித்தாலும், சுமார் 5 கிலோமீட்டர் உயரத்தில் நீர் உறையும் குளிர் நிலவுகிறது. அதற்கும் மேலே மேகம் வளரும்போது, அதனுள் இருக்கும் நீர்த்துளிகளில் ஒரு பகுதி பனிக்கட்டியாகிறது. எடை குறைந்த நுண்ணிய பனித்துகள்கள் மேலெழும் காற்றோடு மேலே செல்கின்றன. அவற்றைவிடக் கனமான பனி உருண்டைகள் கீழ்நோக்கி இறங்க முயல்கின்றன. இவை இரண்டும் ஒன்றோடொன்று ஓயாமல் மோதுகின்றன. மோதும்போது பனித்துகள் நேர்மின்னூட்டமும், பனி உருண்டை எதிர்மின்னூட்டமும் பெறுகின்றன. காய்ந்த தலைமயிரில் சீப்பைத் தேய்த்தால் அது சிறு காகிதத் துண்டுகளை இழுப்பதை நாம் அறிவோம். உரசலால் மின்னூட்டம் பிரியும் அதே இயல்புதான் மேகத்துள்ளும் மிகப்பெரிய அளவில் நிகழ்கிறது.

இவ்வாறு மேகத்தின் உச்சியில் நேர்மின்னூட்டமும், நடுப்பகுதியிலும் அதற்குக் கீழும் எதிர்மின்னூட்டமும் சேர்கின்றன. இந்த வேறுபாடு அளவு மீறும்போது காற்றைக் கிழித்துக்கொண்டு மின்சாரம் பாய்கிறது. அதுவே மின்னல். பெரும்பாலான மின்னல்கள் மேகத்துக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. மீதமுள்ளவையே தரையை நோக்கி இறங்குகின்றன.

தரை நோக்கி வரும் மின்னல் ஒரே பாய்ச்சலில் வருவதில்லை. படிப்படியாக இறங்குகிறது. அது தரையை நெருங்கும்போது தென்னை, பனை, கோபுரம், மின்கம்பம், வெட்டவெளியில் நிற்கும் மனிதன் ஆகிய உயர்ந்த பொருள்களிலிருந்து மெல்லிய மின்பொறி மேல்நோக்கி எழுகிறது. இரண்டும் சந்தித்தவுடன் பாதை முழுமையாகிறது. அப்பாதையில் பொதுவாக 30,000 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் பாய்கிறது. நமது 5 குதிரைத்திறன் மும்முனை மோட்டார் இழுப்பது 7 அல்லது 8 ஆம்பியர்தான் என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் இதன் கடுமை விளங்கும். ஒரே பாதையில் மூன்று நான்கு முறை அடுத்தடுத்துப் பாய்வதும் உண்டு. மின்னல் ‘துடிப்பது’ போலத் தெரிவது இதனால்தான். ‘ஒருமுறை விழுந்த இடத்தில் மறுமுறை இடி விழாது’ என்ற நம்பிக்கை தவறானது.

இடியும் தூரக் கணக்கும்

மின்னல் பாயும் பாதையில் காற்றின் வெப்பம் ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் சுமார் 30,000 டிகிரி செல்சியஸ் வரை ஏறுகிறது. இது சூரியனின் மேற்பரப்பு வெப்பத்தைப் போல ஐந்து மடங்காகும். சூடான காற்று வெடித்து விரிகிறது. அந்த ஓசையே இடி. ஆகவே ‘இடி விழுந்தது’ என்று நாம் சொல்வது உண்மையில் மின்னல் விழுந்ததையே குறிக்கும். இடி வெறும் ஓசை, கொல்வது மின்னல்.

ஒளி உடனே நம்மை அடைகிறது. ஒலியோ ஒரு கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய 3 நொடி எடுத்துக்கொள்கிறது. எனவே மின்னலைக் கண்டதும் ஒன்று, இரண்டு என நிதானமாக எண்ணத் தொடங்க வேண்டும். இடி கேட்கும்வரை எண்ணியதை மூன்றால் வகுத்தால் மின்னல் விழுந்த தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 9 எண்ணினால் 3 கிலோமீட்டர். 30 எண்ணினால் 10 கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அடுத்த மின்னல் நம் தலைக்கு மேலேயே வரக்கூடும். சில வேளைகளில் மின்னல், மழை பெய்யும் இடத்திலிருந்து 10 கிலோமீட்டருக்கு அப்பாலும் பாய்ந்து விழுகிறது. எனவே ‘இன்னும் தூறல்கூட விழவில்லையே’ என்று வயலில் நிற்பது ஆபத்தாகும்.

மின்னல் தெரிந்தும் இடி கேட்கவில்லை எனில், மேகம் சுமார் 20 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது எனக் கொள்ளலாம். ஆனால் அது எத்திசையில் உள்ளது என்பதைக் கவனிக்க வேண்டும். அதைப்பற்றிப் பின்னர் காண்போம்.

இடிமேகத்துக்கு வேண்டிய மூன்று

இடிமேகம் வளர மூன்று தேவை. ஒன்று, தரையருகே வெப்பமான காற்று. இரண்டு, அக்காற்றில் போதிய ஈரப்பதம். மூன்று, அதை மேலே தூக்கிவிடும் ஏதேனும் ஒரு விசை. அது மலைச்சரிவாகவோ, இரு காற்றுகள் சந்திக்கும் இடமாகவோ இருக்கலாம். இம்மூன்றும் கூடினால் மேகம் விரைவாக 7, 8 கிலோமீட்டர் உயரத்தைத் தாண்டி வளர்ந்து இடிக்கத் தொடங்கும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மழை பெய்யலாம், இடி குறையும். நம் மாநிலத்தின் நான்கு பருவங்களிலும் இடி ஏன் வேறுபடுகிறது என்பதற்கு இதுவே விடை.

1. பனிக்காலம் (ஜனவரி, பிப்ரவரி)

தை, மாசி மாதங்களில் வடகிழக்கிலிருந்து வரும் காற்று குளிர்ந்தும் உலர்ந்தும் இருக்கிறது. நிலமும் அதிகம் சூடேறுவதில்லை. தரையருகே குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே சற்று வெப்பமான காற்றும் மூடிபோல் அமைந்துவிடுவதால், மேகம் உயரமாக வளர இயலாது. காலையில் மூடுபனி தேங்கி நிற்பதும் இதனால்தான். சில ஆண்டுகளில் கீழைக்காற்றால் மழை பெய்து அறுவடைக்கு நிற்கும் சம்பாப் பயிரைச் சாய்த்துவிடுவதுண்டு. ஆயினும் அம்மழையில் பெரும்பாலும் இடி இருப்பதில்லை. ஆண்டில் இடி மிகக் குறைந்த காலம் இதுவேயாகும்.

2. கோடைக்காலம் (மார்ச், ஏப்ரல், மே)

இது இடியின் முதல் உச்சக் காலம். பங்குனி பிறந்ததும் நிலம் கடுமையாகச் சூடேறுகிறது. சித்திரை, வைகாசியில் உள்மாவட்டங்களில் 40 டிகிரி செல்சியஸ் வரையிலும் அதற்கு மேலும் வெப்பம் ஏறுகிறது. வங்கக் கடலிலிருந்தும் அரபிக் கடலிலிருந்தும் ஈரக்காற்று உள்நாட்டுக்குள் புகுகிறது. இருபுறக் காற்றும் தென்னிந்தியாவின் உள்பகுதியில் சந்திக்கும் இடத்தில் காற்று மேலே தள்ளப்படுகிறது. நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு, கொல்லிமலை போன்ற மலைப்பகுதிகளில் சரிவுகளே அதைத் தூக்கிவிடுகின்றன.

காலையில் வானம் தெளிவாக இருக்கும். பதினொரு மணியளவில் மலைகளின் மேல் வெண்ணிறத் திரள்மேகங்கள் தோன்றும். பிற்பகல் இரண்டு மணிக்குள் அவை கோபுரம்போல் உயர்ந்துவிடும். பின்னர் சமவெளிக்கு நகர்ந்து, பொதுவாகப் பிற்பகல் இரண்டு மணி முதல் இரவு எட்டு மணிக்குள் இடியுடன் கொட்டித் தீர்க்கும்.

கோடை இடிமழையின் தனித்தன்மைகள் இரண்டு. முதலாவது, தரையருகே காற்று உலர்ந்திருப்பதால் மேகத்தின் அடிப்பகுதி உயரத்தில் இருக்கும். அதிலிருந்து விழும் மழைத்துளிகளில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகிறது. ஆவியாகும்போது காற்று குளிர்ந்து, கனத்து, வேகமாகத் தரையில் இறங்குகிறது. மழைக்கு முன் புழுதியைக் கிளப்பி வரும் சூறைக்காற்று இதுதான். குலை தள்ளிய வாழையையும், முருங்கையையும், வெற்றிலைக் கொடிக்காலையும் சாய்ப்பது இந்தக் காற்றேயாகும். சில சமயம் ஆலங்கட்டியும் விழும். இரண்டாவது, மழைத்துளி நம்மேல் படுமுன்பே மின்னல் வந்துவிடும். கோடை உழவிலும் எள் அறுவடையிலும் பதநீர் இறக்குவதிலும் ஈடுபட்டிருப்போர், மழை வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருந்து சிக்கிக்கொள்வது இதனால்தான்.

கடற்கரையை ஒட்டிய ஊர்களில் கடற்காற்று நிலத்தைக் குளிர்வித்துவிடுவதால், உள்மாவட்டங்களைவிடக் கோடை இடி குறைவாகவே இருக்கும்.

3. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம் (ஜூன் முதல் செப்டம்பர் வரை)

மழைக்காலம் என்றால் இடியும் மிகும் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் ஜூன், ஜூலை மாதங்களில் வால்பாறையிலும் நீலகிரியின் மேற்குப் பகுதியிலும் நாள் கணக்கில் பெய்யும் மழையில் இடி குறைவு. ஈரம் ஏராளமாக இருந்தாலும், வெயில் இல்லாமல் நிலம் குளிர்ந்துவிடுவதால் மேகம் மிக உயரமாக வளர்வதில்லை. மலையின் இப்புறம், அதாவது மழைமறைவுப் பகுதியில், ஆடிக்காற்று பலமாக வீசுகிறது. அக்காற்று வளரும் மேகங்களைக் குலைத்துவிடுகிறது. எனவே ஆனி, ஆடியில் கோவை, திருப்பூர், தேனி, திருநெல்வேலிப் பகுதிகளில் இடி குறைவாகவே கேட்கிறது.

ஆவணி, புரட்டாசியில் நிலைமை மாறுகிறது. மேல்காற்றின் வேகம் தணிகிறது. வெயிலும் சுள்ளென்று அடிக்கிறது. வடநாட்டில் பருவமழை சற்று ஓய்ந்து, மழைத்தாழ்வு இமயமலை அடிவாரத்துக்கு ஒதுங்கும் நாட்களில் தமிழகத்தில் இடிமழை கூடுகிறது. வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் ஆகிய வடமாவட்டங்களில் இது நன்கு தெரியும். கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று, மேற்கிலிருந்து வரும் வெப்பக்காற்றைச் சந்திக்கும் இடத்தில் மாலையில் மேகம் திரள்கிறது. உயரத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுவதால் மேகமும் அத்திசையிலேயே நகர்கிறது. ஆகவே உள்மாவட்டங்களில் மாலையில் இடிக்கும் மேகம், சென்னை போன்ற கடற்கரை ஊர்களை முன்னிரவிலோ நள்ளிரவிலோ வந்தடைகிறது.

இப்பருவத்தில் வடமாவட்ட உழவர் ‘மேற்கே மின்னுகிறது’ என்று சொன்னால் அதனைப் பொருட்படுத்த வேண்டும். மேற்கில் சத்தமின்றி வெட்டும் மின்னல், ஓரிரு மணி நேரத்தில் தலைக்கு மேல் வரக்கூடும். கிழக்கே மின்னினால் பெரும்பாலும் அது நம்மைக் கடந்து சென்ற மேகமாகும்.

4. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம் (அக்டோபர் முதல் டிசம்பர் வரை)

நம் மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி இக்காலத்தில் கிடைக்கிறது. இதன் தொடக்கமே இடியின் இரண்டாவது உச்சமாகும். புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும் மேல்காற்று ஓய்ந்து கீழைக்காற்று தொடங்குகிறது. இந்த மாற்ற வேளையில் காற்று அதிக வேகமின்றி இருக்கிறது. நிலத்தில் இன்னும் சூடு மிச்சமிருக்கிறது. கடலிலிருந்து ஈரமும் தாராளமாக வருகிறது. முன்பு கூறிய மூன்று தேவைகளும் ஒருங்கே அமைகின்றன. எனவே உள்மாவட்டங்களில் பிற்பகலிலும் மாலையிலும் கடும் இடி முழங்குகிறது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் அதை அடுத்த கேரளத்திலும் துலா மாத மழை பிற்பகல் இடிக்குப் பெயர் பெற்றது.

கார்த்திகை நெருங்க நெருங்க இடி குறைகிறது. தாழ்வு மண்டலமும் புயலும் கொண்டுவரும் அடைமழையில் வானம் நாள் முழுவதும் மூடியிருக்கும், நிலம் குளிர்ந்துவிடும். மழை மிகுதி, இடி சொற்பம். கடற்கரை மாவட்டங்களில் இம்மழை பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் வலுக்கிறது. இப்பருவத்தில் உயரத்துக் காற்றும் கிழக்கிலிருந்து வீசத் தொடங்குவதால் மழைமேகம் கடலிலிருந்து வருகிறது. ‘ஈசான மூலையில் மின்னினால் மழை’ என்று பெரியவர்கள் கூறுவது இப்பருவத்துக்கு நன்கு பொருந்துகிறது. கோடைக்கும் ஆவணிக்கும் அது அப்படியே பொருந்தாது.

நினைவில் வைக்க

தை, மாசி: இடி மிக அரிது.
பங்குனி முதல் வைகாசி வரை: பிற்பகல் 2 மணி முதல் இரவு 8 மணி வரை, மலைப்பக்கமிருந்து வரும், மழைக்கு முன்பே மின்னல், சூறைக்காற்று உண்டு.
ஆனி, ஆடி: பெரும்பாலான இடங்களில் இடி குறைவு.
ஆவணி, புரட்டாசி: மாலை முதல் நள்ளிரவு வரை, மேற்கிலிருந்து வரும்.
ஐப்பசி: பிற்பகலும் மாலையும், இடி கடுமை.
கார்த்திகை, மார்கழி: மழை மிகுதி, இடி குறைவு.

இவை பொதுவான இயல்புகளே. எந்த மாதத்திலும் எந்த நேரத்திலும் ஓர் இடிமேகம் தோன்றலாம் என்பதை மறக்கலாகாது.

இடிமழை உரமாகுமா?

இடிமழைக்குப் பின் பயிர் பசுமை கட்டுவதைக் கண்டு, மின்னல் உரம் தருகிறது என்று கூறுவோர் உண்டு. இதில் ஓரளவு உண்மை உள்ளது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு தழைச்சத்தான நைட்ரஜனே. பயிர் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மின்னலின் கடும் வெப்பத்தில் நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து, மழைநீரில் கரைந்து, நைட்ரேட்டாக மண்ணுக்கு வருகிறது.

ஆனால் அளவு மிகச் சிறிது. உலகம் முழுவதும் மின்னல் ஓராண்டில் சேர்க்கும் நைட்ரஜன் சுமார் 50 லட்சம் டன் என மதிப்பிடப்படுகிறது. இதைப் பூமியின் பரப்பு முழுவதற்கும் பங்கிட்டால் ஹெக்டேருக்குச் சராசரியாக 100 கிராம் அளவே வருகிறது. இடி மிகுந்த நம் பகுதியில் சில மடங்கு கூடுதலாகக் கிடைத்தாலும், ஹெக்டேருக்கு நூறு கிலோவுக்கு மேல் தழைச்சத்து தேவைப்படும் நெல்லுக்கு அது எம்மூலைக்கு?

பயிர் பசுமையாவதற்கு வேறு காரணங்கள் உள்ளன. மழை இலைமேல் படிந்த புழுதியைக் கழுவுகிறது. வாடிய பயிருக்கு ஈரம் தருகிறது. மேலும், காய்ந்து கிடந்த மண் நனைந்ததும் நுண்ணுயிர்கள் உயிர்பெற்று, மண்ணிலுள்ள மட்கிலிருந்து தழைச்சத்தை வெளியிடுகின்றன. ஆகவே இடிமழையை நம்பி உர அளவைக் குறைக்க வேண்டாம். மாறாக, இடிமழை எதிர்பார்க்கப்படும் நாளில் யூரியா மேலுரம் இடாதீர்கள். கனமழையில் அது கரைந்து ஓடிவிடும். மருந்து தெளிப்பையும் தள்ளிப்போடுவது நலம்.

மின்னல் ஆளைத் தாக்கும் வழிகள்

மின்னல் நேராகத் தலையில் விழுந்துதான் ஆள் இறக்க வேண்டும் என்பதில்லை. மரத்தில் விழுந்த மின்னல், அடியில் நிற்பவர்மேல் பக்கவாட்டில் தாவலாம். தரையில் விழுந்த மின்சாரம் நிலத்தின் வழியே சுற்றிலும் பரவி, ஒரு காலில் ஏறி மறுகாலில் இறங்கலாம். கம்பிவேலி, மோட்டார் குழாய், மின்கம்பி வழியாகவும் தொலைவிலிருந்து வந்து சேரலாம்.

ஒரே மின்னலில் ஆட்டு மந்தை முழுதும் மடிவது ஏன் என்று கேட்பதுண்டு. ஆடு மாடுகளின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம். நிலத்தில் பரவும் மின்சாரம் முன்காலில் ஏறிப் பின்காலில் இறங்கும்போது நடுவிலுள்ள இதயத்தைத் தாக்குகிறது. மழைக்கு அஞ்சி மரத்தடியில் நெருக்கி நிற்கும் மந்தைக்கு இதனால் பேரிழப்பு நேர்கிறது.

கையில் மண்வெட்டியோ அரிவாளோ இருப்பதால் வானத்து மின்னல் தேடி வருவதில்லை. ஆளின் உயரமும் வெட்டவெளியில் தனித்து நிற்பதுமே முக்கியக் காரணங்கள். ஆனால் தொரட்டி, ஏணி, விரித்த குடை போன்றவை நம் உயரத்தைக் கூட்டுகின்றன. அவற்றைக் கீழே போட்டுவிட வேண்டும். இடி இடிக்கும்போது உலக்கையையோ கடப்பாரையையோ முற்றத்தில் வீசும் வழக்கம் சில ஊர்களில் உள்ளது. அதனால் மின்னல் விலகாது. அதை வீச வெளியே வருபவருக்கே ஆபத்து. ‘அர்ச்சுனா, அர்ச்சுனா’ என்று சொல்வது மனத்துக்குத் தைரியம் தரும். அதை வீட்டுக்குள் இருந்தபடியே சொல்வது நல்லது.

பருவத்துக்கேற்ற வேலைத் திட்டம்

1. சித்திரை, வைகாசி, ஐப்பசி மாதங்களில் நடவு, களை எடுப்பு, அறுவடை ஆகிய ஆள் கூடிச் செய்யும் வேலைகளை விடியற்காலையில் தொடங்கி, பிற்பகல் இரண்டு மணிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும்.

2. உயிரிழப்புக்கு வழிவகுக்கும் ஒரு முக்கிய வேளை, களத்தில் காயும் விளைபொருளை மூட ஓடும் வேளையாகும். புரட்டாசியில் பறித்த நிலக்கடலையும், கோடையில் அறுத்த எள்ளும் களத்தில் கிடக்கும்போது இடி முழங்கினால், வீட்டிலுள்ள அனைவரும் தார்ப்பாயுடன் களத்துக்கு ஓடுகிறோம். சரியாக அந்த நேரத்தில்தான் மின்னல் விழுகிறது. இடி மாதங்களில் வானம் தெளிவாக இருந்தாலும், பிற்பகலில் குவித்து மூடிவிடும் வழக்கத்தை மேற்கொள்ள வேண்டும். நனைந்த கடலையை மறுநாள் காய வைக்கலாம்.

3. மாலையில் மோட்டார் போடச் செல்வோர், ஆவணி, புரட்டாசியில் மேற்கு வானத்தையும், ஐப்பசியில் கிழக்கு வானத்தையும் பார்த்துவிட்டுச் செல்ல வேண்டும். இடி நெருங்கிய பின் மோட்டார் அறையில் சுவிட்ச் பெட்டியையோ குழாயையோ தொடக்கூடாது.

4. வானிலை மையத்தின் எச்சரிக்கைகளை வானொலி, தொலைக்காட்சி, கைப்பேசி வழியாக நாள்தோறும் அறிந்துகொள்ள வேண்டும். புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ‘தாமினி’ என்னும் கைப்பேசிச் செயலி, நாம் இருக்கும் இடத்தைச் சுற்றி 20 முதல் 40 கிலோமீட்டருக்குள் மின்னல் இருப்பதைத் தெரிவிக்கிறது. வேலைக்குச் செல்லும் குழுவில் ஒருவராவது இதை வைத்திருப்பது நல்லது.

இடி கேட்டதும் செய்ய வேண்டியவை

முதல் இடி கேட்டவுடன் வேலையை நிறுத்திவிட்டுக் கெட்டியான கட்டட வீட்டுக்கோ, பள்ளிக்கூடத்துக்கோ சென்றுவிட வேண்டும். கண்ணாடிகளை ஏற்றிய கார், வேன், பேருந்து ஆகியவையும் பாதுகாப்பானவை. மேல்கூரை மட்டும் உள்ள கொட்டகை, காவல் குடிசை, டிராக்டர், இருசக்கர வண்டி ஆகியவை பாதுகாப்பு அல்ல. வீட்டுக்குள்ளும் குழாய் நீரில் குளிப்பது, மின்சாரத்தில் சொருகியுள்ள கருவிகளைத் தொடுவது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும்வரை வெளியே வரக்கூடாது. மழை விட்டதும் உடனே வயலுக்குத் திரும்பியவர்கள் பலர் உயிரிழந்துள்ளனர்.

ஒதுங்க இடமே இல்லாவிடில், தனித்து நிற்கும் மரம், மேட்டு வரப்பு, கிணற்றுமேடு, கம்பிவேலி, நீர் நிற்கும் வயல் ஆகியவற்றை விட்டு விலக வேண்டும். பலர் இருந்தால் ஒருவருக்கொருவர் பல அடி தள்ளி நிற்க வேண்டும். தாழ்வான இடத்தில் பாதங்களை ஒட்டி வைத்துக் குத்துக்காலிட்டு, தலையைக் குனிந்து அமர வேண்டும். படுக்கக்கூடாது. இது முழுப் பாதுகாப்பு அன்று. வேறு வழியற்றபோது ஆபத்தைச் சற்றே குறைக்கும் வழி மட்டுமே.

கால்நடைகளை மேகம் கறுக்கத் தொடங்கும்போதே கொட்டிலுக்கு ஓட்டிவந்துவிட வேண்டும். மரத்தடியிலும் கம்பிவேலி ஓரத்திலும் கட்டலாகாது. கிடை போடும்போது தனிமரத்தை ஒட்டிப் பட்டி அமைப்பதைத் தவிர்க்க வேண்டும்.

முதலுதவி

மின்னல் தாக்கியவர் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது. அவரைத் தயங்காமல் தொடலாம். உடனே 108க்குத் தகவல் தர வேண்டும். பலர் தாக்கப்பட்டிருந்தால், அலறுபவரைவிட அசைவின்றிக் கிடப்பவரையே முதலில் கவனிக்க வேண்டும். மூச்சும் நாடியும் நின்றிருந்தால், மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இறந்துவிட்டார் என்று எண்ணி விட்டுவிடக்கூடாது. நின்ற இதயம் உடனடி உதவியால் மீண்டும் துடிக்கத் தொடங்கியதுண்டு. இந்த முறையை ஊருக்கு நால்வராவது அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பழகிக்கொள்வது நலம். உயிரிழப்போ கால்நடை இழப்போ நேரிட்டால், கிராம நிர்வாக அலுவலரிடம் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும்.

முடிவுரை

மழைக்காக ஏங்கும் உழவர் இடியை வெறுக்க இயலாது, வெறுக்கவும் வேண்டியதில்லை. எந்தப் பருவத்து மேகம் எந்த நேரத்தில் எத்திசையிலிருந்து வரும் என்பதை அறிந்து, அதற்கேற்ப நாளின் வேலையை அமைத்துக்கொள்வதே அறிவுடைமையாகும். பயிர் நனைந்தால் காய வைக்கலாம். சாய்ந்தால் மறுபடியும் விதைக்கலாம். விதைக்கும் கைகள் இருக்க வேண்டும். எனவே முதல் இடி கேட்டவுடன் வயலை விட்டு வெளியேறும் பழக்கத்தை உழவர் பெருமக்கள் தாமும் கடைப்பிடித்து, தம்மிடம் வேலைக்கு வருவோரையும் கடைப்பிடிக்கச் செய்ய வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.